பை வைக்காத சட்டை

அந்தச் சட்டையைப் பற்றிப் பேசாத வாய் நாட்டில் இல்லை. டீக்கடையில் பேசினார்கள், பேருந்தில் பேசினார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நெஞ்சில் பை வைக்காத வெள்ளைச் சட்டை. மத்திய வங்கியில் கவர்னராக இருந்து, பிறகு பிரதமராகி, எதிர்க்கட்சிக்காரனும் எழுந்து நின்று மரியாதை செய்யும்படி வாழ்ந்த மனிதர் அதைத் தவிர வேறு சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. அடுத்தவன் காசைத் தொட மாட்டேன் என்று இளம் வயதிலேயே சத்தியம் செய்தாராம், அதனால் பையே வேண்டாம் என்றாராம். அம்மாவின் தலைமேல் அடித்துச் செய்த சத்தியம் என்று ஒருவன் சொல்வான். இல்லவே இல்லை, அப்பாவின் கடைசி நேரத்தில் செய்தது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி இன்னொருவன் சொல்வான்.

அந்த வங்கியில் ஒரு காலத்தில் வேலை பார்த்த உலைக்காரர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொள்வார். வாயைத் திறக்க மாட்டார். அந்தச் சட்டை பிறந்த கதை அவருக்குத் தெரியும். அதைத் தைத்தவள் அவர் வீட்டில்தான் இருக்கிறாள். உலைக்காரருக்கு இப்போது வயதாகிவிட்டது. உலை இல்லை, வேலை இல்லை, இருமல் மட்டும் துணைக்கு இருக்கிறது. வெயில் விழும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பழசெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். அதில் அந்த மனிதர் பிரதமராகப் பதவி ஏற்ற நாள் காலை மட்டும் வரிசையில் நிற்காது, முட்டி மோதிக்கொண்டு முன்னால் வந்துவிடும்.

அன்றைக்கும் இதே ஜன்னலோரம்தான் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவள் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பதவி ஏற்புக்கான சட்டையை முந்தின நாள் மாலையே அவருடைய டிரைவர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். இனி டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"இந்தத் தடவை பாக்கெட் வச்சுட்டேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

தெருவில் யாருக்கோ தைத்த சட்டையைச் சொல்கிறாள் என்று நினைத்து, யாருக்கு என்று கேட்டார்.

"தம்பிக்குத்தான்."

டீ தொண்டையில் நின்றுவிட்டது. இருமி முடித்து, கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, "என்னடி சொல்ற?" என்றார்.

"உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாக்கெட். அதுக்கு எதுக்கு இந்த இருமல்?"

அவள் பக்கத்துக் காரணத்தையும் சொல்ல வேண்டும். அளவெடுக்க வரும்போதெல்லாம் அந்த மனிதர் கையை விரித்து நிற்பார். பேனாவைப் பல்லில் கடித்துக்கொள்வார். கண்ணாடியைக் கழற்றி மிஷின்மேல் வைப்பார், போகும்போது மறந்துவிட்டுப் போவார். அவள் தெருமுனைவரை கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். போன மாதம் ஒரு கூட்டத்தில் அவர் பேச எழுந்து கண்ணாடியைத் தேடினார். மேசைமேல் பார்த்தார், நாற்காலியில் பார்த்தார், காகிதங்களைப் புரட்டினார். கண்ணாடி அவர் இடது கையிலேயே இருந்தது. சபையே சிரித்தது. அவரும் சிரித்தார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

உலைக்காரருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மறுநாள் பத்திரிகைகள் கண்முன்னால் வந்தன. கேலிப்படம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? இத்தனை வருடம் பையில்லாமல் இருந்த மனிதருக்கு நாற்காலி கிடைத்த அன்றே நெஞ்சில் பை முளைத்துவிட்டது. நாளைக்கு எந்தக் கட்சிக்காரன் இதை விடுவான்? சாகும்வரை சொல்லிக் காட்டுவான். அந்த மனிதரின் பெயர் கெட்டுப்போவது உலைக்காரர் வீட்டு ஊசியாலா?

"அவர் பார்த்துட்டு வேற சட்டை போட்டுக்குவார்" என்றாள் அவள், கொஞ்சம் இறங்கின குரலில்.

போட்டுக்கொள்ள மாட்டார் என்று அவளுக்கும் தெரியும். அண்ணி தைத்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக்கொள்வார். உலைக்காரர் டிரைவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டார். அப்புறம் எழுந்து செருப்பைத் தேடினார்.

"நானும் வர்றேன்" என்றாள். கைப்பையில் கத்தரிக்கோல், பிளேடு, ஊசி, நூல்கண்டு எல்லாவற்றையும் போட்டாள்.

"பிரிச்சிடப் போறியா? அதெல்லாம் எதுக்கு?"

"பட்டன் கிட்டன் அறுந்திருந்தா தைக்கத்தான். பாக்கெட் மேல கை வைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

பேருந்தில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊரே ஒரு பக்கமாகத் திரண்டு போய்க்கொண்டிருந்தது. வண்டி ஊர்ந்தது. உலைக்காரர் வெளியே பார்த்தபடி பழைய நாளுக்குள் போய்விட்டார்.

மத்திய வங்கியின் பின்புறம், லாரிகள் வந்து திரும்பும் முற்றத்தைத் தாண்டி, உலைக்கூடம் இருந்தது. நோட்டு அச்சடிப்பது எல்லோருக்கும் தெரியும், எரிப்பது பலருக்குத் தெரியாது. கிழிந்தது, கறைபட்டது, நடுவில் ஒட்டுப் போட்டது, மீன் வாடை அடிப்பது என்று உழைத்து ஓய்ந்த நோட்டெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஓட்டை போட்டு, பெட்டியில் அடைத்து, முத்திரை வைத்து வரும். பெட்டியைப் பிரித்து நெருப்பில் போடுவதுதான் உலைக்காரருக்கும் அவருடைய ஆட்களுக்கும் வேலை. கட்டோடு தூக்கிப் போட்டால் ஓரம்தான் கருகும், நடுவில் பச்சையாக அப்படியே கிடக்கும். கட்டை உடைத்து, உதிர்த்து, நீளக் கம்பியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கையில் ஒரு மயிர் மிஞ்சாது. மையின் புகை நெஞ்சுக்குள் போய்க் குடியிருக்கும். சாம்பலை வாரிக் கொட்டித் தண்ணீர் ஊற்றியபின் ஓர் அதிகாரி குச்சியால் கிண்டிப் பார்ப்பார். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கண்ணில் படவில்லை என்றால் கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் அவர் வேலை. அதனால் எந்த அதிகாரி வந்தாலும் உலைக்கூடத்தில் அவருக்குச் சாட்சி என்றுதான் பெயர்.

உலை ஆட்களுக்கு வங்கி கொடுத்த உடுப்பில் பை கிடையாது. சட்டையிலும் இல்லை, கால்சட்டையிலும் இல்லை. சிகரெட்டைக் காதில் செருகிக்கொள்வார்கள், சீப்பைத் தலையிலேயே விட்டுவிடுவார்கள். வேலை முடிந்து போகும்போது வாசல் காவலர் கையை விரிக்கச் சொல்லி மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்ப்பார். அதிகாரிகளுக்கு அந்த உடுப்பும் இல்லை, அந்தத் தடவலும் இல்லை. உடுப்புகளைத் தைக்கும் வேலை உலைக்காரர் மனைவிக்குக் கிடைத்திருந்தது. பை வைக்காமல் தைத்துத் தைத்துப் பழகிய அவள், உலைக்காரருடைய நல்ல சட்டைக்கும் ஒருமுறை பை வைக்க மறந்துவிட்டாள். அதைச் சொல்லி அவர் ஒரு வருடம் அவளைக் கிண்டல் செய்தார்.

வேலையில் புதிதாகச் சேர்ந்த அதிகாரிகளைத்தான் அங்கே தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளிவிடப்பட்டு வந்தவர்தான் அவர். ஒல்லியான பையன். படிப்பில் முதலாவதாம். மற்ற சாட்சிகள் தூரத்து மூலையில் மின்விசிறியடியில் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் உலை வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, இந்த நோட்டு ஏன் நீலமாக எரிகிறது, அது ஏன் சுருண்டுகொள்கிறது என்று கேள்வி கேட்டு உயிரை வாங்குவார். நின்றவர்மேல் ஒரு நாள் பொறி தெறித்தது. அணைப்பதற்குள் நெஞ்சில் ஒரு தட்டு அளவுக்குச் சட்டை போய்விட்டது. அவரிடம் இருந்ததே இரண்டு சட்டை. மற்றது சலவைக்குப் போயிருந்தது. மேலே மாடியில் பெரியவர்களோடு கூட்டம் வேறு இருந்தது.

உலைக்காரர் தன்னுடைய துவைத்த உடுப்பை எடுத்து நீட்டினார். கூலிக்காரன் சட்டை சார், பரவாயில்லையா என்றார். "நெருப்புல போகாத சட்டையா இருந்தா போதும் அண்ணே" என்று வாங்கி மாட்டிக்கொண்டு போனார்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். கூட்டம் முடிந்து வெளியே போகும்போது வாசல் காவலர் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மட்டும் பார்த்துவிட்டார். எங்கடா நழுவுற, கையை விரி என்று பிடித்து நிறுத்தினார். இவரும் விரித்தார். காவலர் தடவினார், திருப்பி நிறுத்தி முதுகைத் தடவினார், ஒன்றுமில்லை போ என்று தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். காவலருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவரோ சுவரைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம் உலைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எனக்கும் ரெண்டு தைச்சுத் தாங்க அண்ணி."

அதிகாரிக்கு எதுக்கு இந்தக் கண்றாவி என்று அவள் கேட்டாள். "வேலை முடிஞ்சு போகும்போது, இவன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு ஒருத்தர் தட்டிக் குடுத்து அனுப்புறது நல்லா இருக்கு அண்ணி. நல்லாத் தூக்கம் வந்துச்சு" என்றார்.

கதை அவ்வளவுதான். சத்தியமும் இல்லை, சாவுப் படுக்கையும் இல்லை.

அந்த வருடங்களைப் போல வராது என்று உலைக்காரர் இன்றைக்கும் சொல்வார். உலையை அணைத்துவிட்டு முற்றத்துக் குழாயடியில் வரிசையாக உட்கார்ந்து முகம் கழுவுவார்கள். சாட்சியும் கழுவுவார்; எத்தனை சாட்சிகள் வந்தாலும் உலைக்காரருக்குச் சாட்சி என்றால் என்றைக்கும் அவர்தான். கரிபடிந்த காதை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிப்பார்கள். பிறகு அவர் மாடி மாடியாக ஏறிப் போனார். உலைக்கூடத்துக்கு வேறு சாட்சிகள் வந்தார்கள், பத்திரிகை படித்தார்கள், போனார்கள். கடைசியில் நெருப்புக்குப் பதிலாக நோட்டைத் துருவிப் போடும் மிஷின் வந்தது. உலைக்காரர் வீட்டுக்கு வந்தார். ஆனால் அளவு கொடுக்க மட்டும் அவர் இந்த வீட்டுக்குத்தான் வந்தார். துணைக் கவர்னரான பிறகும் வந்தார், கவர்னரான பிறகும் வந்தார். கார் தெருவுக்குள் திரும்ப முடியாமல் முனையில் நிற்கும், இறங்கி நடந்து வருவார். அவள் டேப்பை இடுப்பில் சுற்றிவிட்டு, "பதவி ஏறுதோ இல்லையோ தம்பி, வயிறு ஏறிக்கிட்டே போகுது" என்பாள். அவர் பேனாவைக் கடித்துக்கொண்டே சிரிப்பார்.

பிறகு அந்தப் பயம் பிடித்த வருடம் வந்தது. நோட்டு இனிமேல் செல்லாது என்று எவனோ கிளப்பிவிட, வங்கி வாசலெல்லாம் கூட்டம் நெரிந்தது. அரசாங்கம் வேண்டிய மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிடு என்று அவரை நெருக்கியது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் வந்தார். அளவெடுக்கச் சொல்லவில்லை. மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றி மிஷின்மேல் வைத்துவிட்டு, "நாம எரிச்சது ஞாபகம் இருக்கா அண்ணே? வெறும் காகிதம், எவ்வளவு சீக்கிரம் போயிடுது" என்றார். மறுநாள் முடியாது என்று சொல்லிவிட்டார். அதோடு விடவில்லை. வங்கியின் முன்வாசலுக்கு இறங்கி வந்து, கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார். இந்த வருடம் கஷ்டம்தான், விலை ஏறும், நான் இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் கையில் இருக்கிற நோட்டு செல்லும், அதற்கு நான் சாட்சி என்றார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பெட்டிமேல் நிற்கும் மனிதரின் சட்டையில் பை இல்லை என்பதை யாரோ கவனித்து எழுதினார்கள். அங்கிருந்துதான் கதை கிளம்பியது. ஜனங்கள் கஷ்டப்பட்டார்கள், முணுமுணுத்தார்கள், ஆனால் அவர் சொன்னபடியே நோட்டு செல்லத்தான் செய்தது. அரசாங்கம்தான் செல்லாமல் போனது. பிறகு கட்சிகள் ஒன்றையொன்று கடித்துக் களைத்து, நீயே வா என்று இவரிடம் வந்தன.

"அங்க பாருங்க" என்றாள் அவள், முழங்கையால் இடித்து. வீட்டை விட்டுக் கிளம்பியபின் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாலிபன் நின்றான். கையில் சின்னக் கொடி. பழைய நீலச் சட்டை, துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. நெஞ்சில் மட்டும் ஒரு சதுரம் வெளுக்காமல் பழைய நீலத்தோடு இருந்தது. அங்கே இருந்த பையைப் பிய்த்து எடுத்திருந்தான். பிரிக்கத் தெரியவில்லை, ஓரமெல்லாம் நூல் தொங்கியது, ஒரு மூலையில் துணி கிழிந்திருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு பெரியவர் சட்டையிலும் அதே சதுரம். கதவோரம் நின்ற இரண்டு பேரிடமும் அதே.

உலைக்காரர் இதைப் பார்த்ததும் மனைவியைக் குத்திக்காட்டத்தான் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவள் அந்தக் கிழிந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரதமர் மாளிகையின் பக்கவாசலில் கால்கடுக்க நின்றார்கள். காவலர்கள் அவள் கைப்பையைக் கொட்டினார்கள். கத்தரிக்கோல், பிளேடு, ஊசி, நூல்கண்டு எல்லாம் ஒரு தட்டில் போய் உட்கார்ந்துவிட்டன, கைப்பையும் அதோடு நின்றுவிட்டது. உள்ளே போன் போனது. ஒருவர் அவசரமாக வந்தார். மெலிந்த உடம்பு, கசங்காத கோட்டு, வேர்த்த நெற்றி. சாட்சியின் செயலாளர். இவர்களைப் பார்த்ததும் கும்பிடாத குறையாக, "நல்ல வேளை வந்தீங்க. நீங்க சொன்னாத்தான் கேட்பார்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

பெரிய அறை. நடக்கும் சத்தம் கேட்காத கம்பளம். மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே கடையில் வாங்கிய வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதிலும் பையைப் பிரித்திருந்தார்கள். சாட்சி நிலைக்கண்ணாடியின் முன்னால் நின்றார். அவள் தைத்த சட்டை மேலே இருந்தது. பையில் மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் பேனா. புதுச் செருப்பு வாங்கிய குழந்தை குனிந்து குனிந்து பார்ப்பது மாதிரி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணே. வாங்க அண்ணி. இத்தனை வருஷமா தேடின கண்ணாடி இங்க இருக்கு பாருங்க."

செயலாளர் பின்னாலிருந்து அழாத குறையாகச் சொன்னார். வெளியே படம் எடுக்கிறவர்கள் மலைபோலக் குவிந்திருக்கிறார்கள், சாயங்காலப் பத்திரிகையில் இந்தப் பை மட்டும்தான் இருக்கும், பதவி ஏற்றதே இருக்காது என்றார். உலைக்காரரும் துணிந்து, "அவங்க சொல்றது சரிதான் சார்" என்றார். சாட்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. எழுதட்டுமே என்றார். பை இல்லாததால் நான் நல்லவன் என்று நானா சொன்னேன், சட்டை கருகிப்போனது, உங்கள் சட்டையைப் போட்டேன், அதை இவர்கள் சத்தியமாக்கிக்கொண்டால் நான் என்ன செய்ய என்றார். அப்புறம் குரல் கொஞ்சம் மாறியது.

"அண்ணி எனக்காக நினைச்சுத் தைச்சிருக்காங்க. அதைக் கழட்டிப் போட்டுட்டு, கடைச் சட்டையில போய் நின்னுக்கிட்டு, நான் என்னன்னு பிரமாணம் எடுக்கிறது?"

இதுதான் நடக்கும் என்று உலைக்காரருக்குத் தெரியும். பிடித்தால் பிடித்ததுதான், உலை வாயில் நின்ற நாளிலிருந்தே அப்படித்தான். இனி இவரை அசைக்க ஆளில்லை என்று நினைத்தார். அவளைப் பார்த்தார். அவள்தான் ஜெயித்துவிட்டாளே, இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன்னைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. நேராகச் சாட்சியிடம் போனாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள், பேனாவை எடுத்தாள், இரண்டையும் கணவர் கையில் கொடுத்தாள்.

"அசையாம நில்லுங்க தம்பி."

"அண்ணி, இருக்கட்டும்."

"பஸ்ஸுல ஒரு பையனைப் பார்த்தேன். அவன்கிட்ட இருக்கிறதே அந்த ஒரு சட்டையாத்தான் இருக்கும். அதுல பாக்கெட்டைப் பிச்சிட்டு வந்து நிக்கிறான். பிரிக்கவும் தெரியல அவனுக்கு, துணியே கிழிஞ்சு போச்சு. நீங்க பாக்கெட்டோட போய் மேடையில நின்னா அவன் எங்க போய் மூஞ்சியை வச்சுக்குவான்?"

சாட்சி குனிந்து நெஞ்சில் இருந்த பையைப் பார்த்தார்.

"கதை எப்படி வேணாலும் வந்திருக்கட்டும். இப்ப அது உங்களோடது மட்டும் இல்ல. கையைத் தூக்குங்க."

அவர் கையை விரித்தார். அளவு கொடுக்கும்போது நிற்பதுபோலவே நின்றார். கத்தரி வாசலில் இருந்தது. அவள் தன் உடுப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, தையலின் கண்ணுக்குள் விட்டு நெம்பினாள். மூலையில் அழுத்தமாகப் போட்ட தையல் அசைய மறுத்தது. அவளே போட்டது, லேசில் விடுமா? குனிந்து பல்லால் கடித்தாள். நாட்டின் பிரதமராகப் போகிறவர் கையை விரித்து நிற்க, ஒரு கிழவி அவர் நெஞ்சில் முகத்தை வைத்து நூலைக் கடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் செயலாளர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வாத்தியங்களைச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தாள். ஒரு நூலும் தொங்கவில்லை, துணி எங்கும் இழுபடவில்லை. நேற்று அந்தப் பையை எவ்வளவு ஆசையாக வைத்திருந்தாளோ அவ்வளவு கவனமாக இன்று எடுத்தாள். உலைக்காரர் காலையில் தான் போட்ட கூச்சலை நினைத்துக்கொண்டார்.

பிரித்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். ஊசி போன துளைகள் மறைந்தன. பிறகு பழக்கதோஷமோ என்னவோ, இரண்டு கையாலும் அவர் தோளிலிருந்து இடுப்புவரை ஒருமுறை தடவிவிட்டு, "ஒண்ணும் இல்ல, போங்க" என்றாள்.

சாட்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து நடுவில் நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ள உலைக்காரர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. கதவு திறந்தது, ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள், ஒரே தள்ளுமுள்ளு. உலைக்காரர் தன் கையைப் பார்த்தபோது கண்ணாடியும் பேனாவும் இன்னும் அதில் இருந்தன. பிரமாணத்தைப் படிக்க வேண்டுமே, கண்ணாடி இல்லாமல் இந்த மனிதர் எதைப் படிப்பார்? குரல் கொடுத்தார், யார் காதிலும் விழவில்லை. ஓடலாம் என்றால் நெஞ்சு இரைத்தது. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். பத்துப் பேரை இடித்துக்கொண்டு, கோட்டுக்காரர்களின் அக்குளுக்கு அடியில் புகுந்து போய்விட்டாள். தெருமுனைவரை கண்ணாடியோடு ஓடி ஓடிப் பழகிய கால் அல்லவா?

உலைக்காரர் முற்றத்தில் டிரைவர்களுக்கும் சமையல் ஆட்களுக்கும் நடுவில் நின்று, அங்கே வைத்திருந்த பெரிய திரையில்தான் பார்த்தார். சாட்சி மேடையில் ஏறினார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ஒன்றுமில்லை. வெளியே கூட்டம் எழுப்பிய சத்தம் திரையில் வருவதற்கு முன்னாலேயே இங்கே கேட்டது. பிரமாணத் தாளை நீட்டினார்கள். வாங்கினார். கண்ணைச் சுருக்கினார். இடது கையைத் திருப்பிப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். அப்புறம் பக்கவாட்டில், கண்ணைத் திருப்பாமலே, கையை நீட்டினார்.

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கிழவி வந்தாள். கண்ணாடியை உடுப்பு நுனியில் துடைத்து அந்தக் கையில் வைத்தாள். அவர் மாட்டிக்கொண்டார். அவள் நகர்ந்து போகப் பார்த்தாள். படித்து முடிந்ததும் கழற்றுவாரே, மறுபடி யார் வாங்குவது என்று தோன்றியிருக்க வேண்டும். அங்கேயே நின்றுவிட்டாள். நாட்டின் முதல் வரிசை மனிதர்களெல்லாம் கீழே உட்கார்ந்திருக்க, பேனாவை ஒரு கையிலும் பிரித்த பையின் துணியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, தலை கலைந்து, அவர் பிரமாணத்தை வரிவரியாகப் படிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரமே ஒரு கறுப்பு நாடாவில் கண்ணாடியைக் கோத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். பதவியில் இருந்த நாளெல்லாம் அவர் அதைக் கழற்றவில்லை. சட்டை தைக்கும்போதே இந்த நாடா ஞாபகம் வந்திருந்தால் இவ்வளவு கூத்து நடந்திருக்குமா என்று உலைக்காரர் கேட்பார். அப்படியானால் நான் டிவியில் வந்திருப்பேனா என்று அவள் திருப்பிக் கேட்பாள். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு முற்றத்தில், பக்கத்தில் நின்ற சமையல்காரர் திரையைக் காட்டி, யாருங்க அந்தம்மா, அவருக்கு உறவா என்று கேட்டார்.

"அவருக்கு அண்ணி" என்றார் உலைக்காரர். "எனக்கு வீட்டுக்காரி."